நடு நாற்காலியைத் திருப்பிப் போட்டேன், மச்சான்

என் அருமை மச்சானுக்கு,

போன இடத்தில் கரண்ட் ஒழுங்காக இருக்கிறதா? கிணத்துக்கடவு வீட்டில் பாட்டுக் கேட்க உட்காரும் நேரம் பார்த்துப் போய்விடும் கரண்ட்டை நீங்கள் திட்டிய திட்டு இன்னும் என் காதில் இருக்கிறது. அந்தக் காதைப் பற்றித்தான் ஒரு பயம். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

முதலில் நல்ல சேதி. உங்கள் வருஷத் திதி முடிந்ததும் அக்கா உங்கள் வால்வு ஆம்ப்ளிபயரையும் ஸ்பீக்கர்களையும் என்னையே எடுத்துக்கொள்ளச் சொன்னாள். இங்கே இருந்தால் துணி போட்டு மூடித்தான் வைப்பேன், நீயாவது பாட வை என்றாள். தேங்காய் ஏற்றும் டெம்போவில் மெத்தை விரித்து, கணபதியில் இருக்கும் என் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மோட்டார் காயில் கட்டும் உங்கள் பட்டறையில் நீங்களே கம்பி சுற்றிய அந்த டிரான்ஸ்பார்மரைத் தூக்கியதில் டிரைவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. அதற்கும் என்னைத்தான் முறைத்தார்.

நீங்கள் வைத்த மாதிரியே வைத்தேன். இரண்டு ஸ்பீக்கர், எதிரே நடு நாற்காலி. வால்வுகள் சூடேறும்வரை பொறுத்திருந்து உங்களுக்குப் பிடித்த பழைய கச்சேரி ரிக்கார்டைப் போட்டேன். வலது பக்கம் மிருதங்கம் கணீரென்று இருந்தது. இடது பக்கம் வயலின் மட்டும் கம்பளிக்குள் இருந்து வாசிப்பது போல மங்கிக் கேட்டது.

வழியில் ஏதோ ஆடிப்போயிருக்கும் என்று முதலில் பயப்படவில்லை. வயரை மாற்றினேன். வால்வை மாற்றினேன். பீரோவை நகர்த்தினேன், திரைச்சீலையைக் கழற்றினேன். என் மனைவி வசந்தியைத்தான் உங்களுக்குத் தெரியுமே, சமையலறையிலிருந்தே ஆரம்பித்துவிட்டாள்.

"ஏனுங்க, உங்க கூட்டத்துக்குச் சத்தத்துல பட்டு எது, பருத்தி எதுன்னு தெரியுதுங்க. நான் இத்தன நேரமாக் கூப்புடறது மட்டும் கேக்க மாட்டேங்குது."

அன்றைக்குச் சிரித்துவிட்டேன். பிறகு யோசித்தால், அவள் கூப்பிட்டது என் இடது பக்கத்திலிருந்து.

சந்தேகம் வந்தால் இடதையும் வலதையும் மாற்றிப் போடு, கோளாறு எங்கே போகிறது என்று பார் என்பீர்களே. ஸ்பீக்கர்களை இடம் மாற்றினேன். வலது பக்கம் கணீரென்று பாடிய ஸ்பீக்கர் இடது பக்கம் வந்ததும் மங்கிவிட்டது. அப்படியானால் அறையில்தான் கோளாறு என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். வசந்தி கடைக்குப் போயிருந்த ஒரு மத்தியானம், கடைசியாக நடு நாற்காலியைத் திருப்பிப் போட்டு, ஸ்பீக்கர்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். மங்கல் அறையின் அடுத்த பக்கத்துக்குப் போனது. என் இடது பக்கத்துக்கு.

ரிக்கார்டு முடியும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தேன் மச்சான். ஸ்பின்னிங் மில்லில் நூல் நூற்கும் ரிங் பிரேம்களின் இரைச்சலுக்கு நடுவிலேயே நின்று வயசைக் கழித்தவன் நான். காதில் பஞ்சு வைத்துக்கொண்டுதானே நின்றேன்? அது போதவில்லையா? ஒரு காது போனால் இன்னொன்றும் பின்னாலேயே போகுமா? இதை யாரிடம் கேட்பது?

யாரிடமும் சொல்லவில்லை. போனை வலது காதுக்கு மாற்றிக்கொண்டேன். வசந்தியோடு நடந்தால் அவளை வலது பக்கம் விட்டு நடந்தேன். ஞாயிற்றுக்கிழமை நம்மோடு பாட்டுக் கேட்கும் கூட்டமோ என் வீட்டுக்கு வருகிறேன் என்று நிற்கிறது. யாரோ புது வெள்ளிக் கம்பி வயர் வாங்கியிருக்கிறார்களாம், பேஸ் இறுகுகிறதா, யார் எங்கே இருந்து பாடுகிறார்கள், வாசிக்கிறார்கள் என்று கண்முன் காட்டும் சவுண்ட் ஸ்டேஜ் விரிகிறதா என்று நான் கேட்டுச் சொல்ல வேண்டுமாம். என் காது சொன்னால் மறுபேச்சில்லை என்று அவர்களுக்குப் பழக்கம் செய்துவிட்டதே நீங்கள்தான். வாராவாரம் என்னை நடு நாற்காலியில் உட்காரவைத்து, "பாடற அம்மா எங்க நிக்கறாங்க, சொல்லு மாப்ள. வயலின் எங்க?" என்று கேட்பீர்கள். நான் சொல்லச் சொல்லக் கண்ணை மூடித் தலையாட்டுவீர்கள். ஒவ்வொரு தடவையும் பரீட்சைக்கு உட்கார்ந்த மாதிரி எனக்கு உள்ளங்கை வேர்க்கும்.

உடம்புக்கு ஆகவில்லை என்று ஒரு வாரம் தள்ளிப்போட்டேன். அதைக் கேள்விப்பட்டு நேற்று அக்கா பஸ் ஏறி வந்துவிட்டாள், ஒரு பை இளநீரோடு. உள்ளே வந்தவள் ஹாலில் திரும்பிக் கிடந்த நாற்காலியைப் பார்த்ததும் பையைக் கீழே வைத்தாள்.

"ஏஞ்சாமி," என்றாள், "உனக்கு எந்தக் காது?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. இடது என்றேன்.

அவள் என் வலது பக்கம் வந்து உட்கார்ந்தாள். உங்களுக்கும் அதே இடதுதான் என்றாள். கல்யாணத்துக்கு முன்பே, சின்ன வயசுக் காய்ச்சலில் அடியோடு போய்விட்டதாம். இந்த செட்டைக் கட்டி முடித்த அன்று நீங்களும் இப்படித்தான் நாற்காலியைத் திருப்பிப் போட்டுப் பார்த்தீர்களாம், எப்படியாவது அந்தப் பக்கமும் கேட்டுவிடாதா என்று. நான் நம்பவில்லை. சவுண்ட் ஸ்டேஜைப் பற்றி மணிக்கணக்கில் பேசிய மனுசனுக்கு ஒரு காதா? பிறகு எதற்கு எனக்கு அத்தனை பரீட்சை வைத்தார் என்று கேட்டேன்.

"பரீட்சையா?" என்றாள் அக்கா. "அவருக்கு அது தெரியாது சாமி. ரெண்டு காதும் இருந்தாத்தான் பாடறவிய எங்க நிக்கறாங்கன்னு தெரியுமாமா. உன்னையக் கேட்டுத்தான் தெரிஞ்சுக்குவாரு. நீ போனதுக்கப்பறம் சாப்புட உக்காந்தா எனக்குச் சொல்லுவாரு, பாடற அம்மா நட்ட நடுவுல நிக்கறாங்களாமா, வயலினு சன்னலோரமாமான்னு. அவரே பார்த்துட்டு வந்தாப்பல மொகமெல்லாம் சிரிப்பா இருக்கும்."

அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு இளநீர் வெட்ட அரிவாள் எங்கே என்று வசந்தியைக் கேட்டபடி எழுந்து போனாள். நான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். தெரிந்திருந்தால் இன்னும் நிறையச் சொல்லியிருப்பேனே மச்சான். தம்புரா எங்கே இருந்தது என்று ஒரு நாளும் சொன்னதில்லை. அது அந்த அம்மாவுக்குப் பின்னால், கொஞ்சம் இடது பக்கமாக, தள்ளி இருக்கும். இருந்தது. இப்போது எனக்கும் கேட்பதில்லை.

பயம் போய்விட்டது என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். செவ்வாய்க்கிழமை காது டாக்டரிடம் போகிறோம், அக்காவும் கூட வருகிறாள். அவர் என்ன சொல்வாரோ என்று இப்போதே சோறு இறங்கவில்லை. உங்களுக்கும் இப்படித்தான் இருந்ததா? ஒற்றைக் காதை வைத்துக்கொண்டு இரண்டு ஸ்பீக்கர் கட்ட எப்படி மனம் வந்தது?

வசந்தியிடம் நேற்றே சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்திடமும் சொல்லிவிடுவேன், ஒளிக்க மாட்டேன். நாற்காலியை நேராகத் திருப்பிப் போட்டு, அதில் வசந்தியை உட்காரவைத்து, உங்கள் ரிக்கார்டைப் போடுவேன். பாடற அம்மா எங்கே நிற்கிறார், தம்புரா எங்கே என்று கேட்பேன். அவள் சொல்லச் சொல்லக் கண்ணை மூடித் தலையாட்டுவேன். இது சத்தியம்.

பாடுகிறவர் எங்கே நிற்கிறார் என்று உங்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்த,
உங்கள் மச்சினன்
கனகு