அரிசி டின்னில் நோனா பழங்கள்

கவின்,

உங்களை எழுப்பவில்லை. பத்து காவான் ஊரில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போகிறேன். சாம்பார் ஃபிரிஜ்ஜில் இருக்கிறது.

அரிசியை மெல்ல அள்ளுங்கள். உள்ளே இரண்டு நோனா சீத்தாப்பழங்கள் தூங்குகின்றன. ஆமாம், நேற்று பஸ் ஸ்டாப் பெஞ்சில் ஏறி, பக்கத்து மரத்திலிருந்து பறித்தவைதான். "என் ஆபீஸ் ஆளுங்க பாக்குறாங்க, எறங்கு லா!" என்று நீங்கள் கத்தியபோது என் கையில் இருந்தவை.

விடியற்காலையில் ஒரு கனவு. அந்த மரம் நம் சமையலறையில் நின்றது. நீங்கள் கிளையை வளைத்துப் பிடித்தீர்கள், நான் பறித்தேன். அரிசி மழைபோல் உதிர்ந்துகொண்டிருந்தது.

பழுக்க மூன்று நாளாகும். தினமும் விரலால் தொட்டுப் பாருங்கள். மெத்தென்று ஆனதும் ஃபோன் செய்யுங்கள், வந்துவிடுகிறேன்.

ஷாமினி

பி.கு.: மூன்று நாள் அதிகமாகத் தோன்றினால், இன்னும் காயாகத்தான் இருக்கிறது என்று சொல்லவாவது கூப்பிடுங்கள்.