பாதி விலைக்காரன்

லீட்ஸ்

அன்புள்ள லுமினிட்சா,

இந்தக் குளிரை அத்தையின் முழங்கால் தாங்குகிறதா? நான் நன்றாக இருக்கிறேன்.

போன வாரம் ஹோல்ராய்டு அம்மாள் வீட்டில், வீட்டைச் சூடாக்கும் ஹீட்டிங் பம்ப் நின்றுவிட்டது. புது பம்ப், கூலி எல்லாம் சேர்த்து இருநூறு பவுண்டு என்றேன். தேநீர் கொடுத்து, "யோசிச்சுச் சொல்றேம்ப்பா" என்றாள். இங்கே அதற்கு 'வேண்டாம்' என்று அர்த்தம்.

நேற்று கிரெய்க் கூப்பிட்டான். உள்ளூர் பிளம்பர், வேலை குவிந்தால் தன் கம்பெனிச் சட்டையை எனக்கு மாட்டி அனுப்புவான். போனால் அதே வீடு. அவன் சொன்ன விலை நானூறு. என் கூலி எண்பது. கிழவி சட்டையைத்தான் பார்த்தாள், முகத்தைப் பார்க்கவில்லை.

"முன்னாடி ஒருத்தன் வந்து பாதி விலை சொன்னான். அவ்வளவு மலிவா சொல்றவன் என்னத்தச் செஞ்சு கிழிப்பான்?"

"நல்லவேளை, தப்பிச்சீங்க" என்றேன்.

நான் மாட்டிய புது பம்ப் சத்தமே இல்லாமல் ஓடியது. "பாத்தியா, இதுதான் வேலை!" என்றவள், சட்டையில் இருந்த பெயரைப் படித்து, "ரொம்ப நன்றி, கிரெய்க்" என்றாள்.

சிரிப்பாகத்தான் இருந்தது, வருந்தாதே. நான் சொந்தத் தொழில் செய்வதாகவே ஊரில் சொல்லிக்கொண்டிரு.

கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி அனுப்பு. பார்சல்மேல் என் பெயரை முழுசாக, பெரிதாக எழுது.

வாசலில் கிரெய்க் ஹாரன் அடிக்கிறான்.

உன்
சவின்