மாமன் சீராக நான்கு ரிம்

கோயம்புத்தூர்
8-6-2025

அன்புத் தங்கச்சி மாரிச்செல்விக்கு,

போன் போட்டால் நீ எடுப்பதில்லை. அதனால்தான் கடிதத்தை இந்தப் பெட்டிக்குள்ளேயே வைத்து லாரி சர்வீஸில் அனுப்புகிறேன். உள்ளே உன் காருக்கு நான்கு அலாய் ரிம். கருப்பும் வெள்ளியும் கலந்தது, என் மருமகள் அபர்ணாவுக்குப் பிடிக்கும். போன வருசம் அவள் சடங்குக்கு லீவு கிடைக்காமல் நான் வரவில்லை. தாய்மாமன் சீர் இப்போது வந்துவிட்டதாக வைத்துக்கொள்.

நீ டாக்ஸி ஓட்டுவதில் எனக்கு இன்னும் சம்மதமில்லை. ஆனாலும் குற்றாலம் சீசனில் ஓடுகிற கார் பார்வையாக இருக்கட்டும். உன் காருக்கு நாலு போல்ட் ஓட்டை, இதற்கும் நாலு ஓட்டை. மாட்டியதும் போட்டோ அனுப்பு.

உன் அண்ணன்
சுந்தரபாண்டி

தென்காசி
15-6-2025

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் நலம். சாரல் பிடித்துவிட்டது. ஐந்தருவிக்கும் பழைய அருவிக்கும் சவாரி ஓயவில்லை.

ரிம் அழகுதான், ஆனால் மாட்ட முடியாது. ஓட்டையை மட்டும் எண்ணிப் பார்த்து ரிம் வாங்கிய ஆள் நீ ஒருத்தன்தான். வீல் அலைன்மென்ட் கடை வைத்திருக்கும் ஆசியா அக்காவிடம் கொண்டுபோனேன். ரிம்மைக் குப்புறப் போட்டு, பின்பக்கம் இருந்த எண்களைக் காட்டினாள். என்னுடையது அகலம் ஐந்து இஞ்ச், ஆஃப்செட் நாற்பத்தைந்து. நீ அனுப்பியது அகலம் ஏழு, ஆஃப்செட் இருபத்தைந்து.

ஆஃப்செட் பெரிய வித்தை ஒன்றுமில்லை. ரிம்மின் அகலத்துக்கு நடுவே ஒரு கோடு கிழித்தால், போல்ட் முடுக்குகிற முகம் அந்தக் கோட்டிலிருந்து எத்தனை மில்லிமீட்டர் வெளிப்பக்கம் இருக்கிறது என்பதுதான். அந்த எண் குறையக் குறைய சக்கரம் வெளியே துருத்தும். அகலமும் கூடியதால் உன் ரிம் நாலரை சென்டிமீட்டர் துருத்துகிறது.

அண்ணன் வாங்கித் தந்ததாயிற்றே என்று எனக்கு மனசு கேட்கவில்லை. பின்பக்கம் ஒரு சக்கரத்தை மட்டும் மாட்டச் சொல்லி, கடையில் நின்ற மூன்று பேரைப் பின்சீட்டில் ஏற்றினோம். டயர் போய் மட்கார்டில் உரசி நின்றது. "நிப்பாட்டி வச்சு அழகு பாக்க இது போதும்ட்டி. நீ ஆளேத்திட்டுப் புளியறை வளைவுல ஏறுதியே" என்றாள் அக்கா.

பெட்டியைத் திருப்பி அனுப்புகிறேன். கோபமில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். சடங்கன்று மாமன் சீர்த் தட்டை யார் எடுக்கப்போகிறார் என்று பந்தலில் இருந்தவர்கள் எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். கடைசியில் ஆசியா அக்கா வீட்டுக்காரர்தான் எடுத்து வந்தார். ரிம் வாங்குவதற்கு முன்னால் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் அண்ணா.

மாரிச்செல்வி

கோயம்புத்தூர்
22-6-2025

அன்பு மாரிக்கு,

பெட்டியோடு கடைக்குப் போய் ரிம்மைப் பற்றி நீ எழுதியதை மட்டும் அப்படியே வாசித்துக் காட்டினேன். எழுதியது எந்த மெக்கானிக் என்று கடைக்காரர் கேட்டார். "என் தங்கச்சி. தென்காசியில டாக்ஸி ஓட்டுதா" என்றேன். வெளி ஆளிடம் இதை நான் சொன்னது அதுதான் முதல் தடவை.

சடங்குக்கு லீவு கிடைக்கவில்லை என்றது பொய். சுரண்டைச் சொந்தக்காரர்கள் "உன் தங்கச்சி சவாரி அடிக்கால்லா" என்று சிரிப்பார்களே என்று பயந்துதான் வராமல் இருந்தேன். தப்பு என்னுடையதுதான் மாரி. பிள்ளை முகத்தை எப்படிப் பார்ப்பேன் என்று தெரியவில்லை.

ரிம்முக்குக் கடைக்காரர் இப்போது சொல்வது: பதினாலு இஞ்ச், அகலம் ஐந்தரை, ஆஃப்செட் நாற்பத்தைந்து, நாலு ஓட்டையும் சுற்றி நிற்கிற வட்டத்தின் குறுக்களவு நூறு மில்லிமீட்டர். நடு ஓட்டையும் உன் காருக்கு ஒத்துப்போகிறதாம். நீ சரி என்றால்தான் எடுப்பேன். உன் பதில் வந்ததும் லாரியில் போடட்டுமா?

சுந்தரபாண்டி

தென்காசி
27-6-2025

அன்புள்ள அண்ணனுக்கு,

எண்கள் எல்லாம் சரி. ஆசியா அக்காவும் பார்த்துவிட்டாள். எடுத்துக்கொள்.

ஆனால் லாரியில் போடாதே. சீர் என்றால் மாமன் கையில்தான் வர வேண்டும். உன் கடிதத்தை அபர்ணாவுக்கு வாசித்துக் காட்டினேன். "மாமா நெசமாவே வருவாகளா?" என்று கேட்டாள். நீ என்ன பதில் எழுதுவாய் என்று காத்திருக்காமல் வருவார் என்று சொல்லிவிட்டேன்.

ஜூலை ஐந்தாம் தேதி சனிக்கிழமை காலை தென்காசி பஸ் ஸ்டாண்டில் கார் நிற்கும். ஓட்டப்போவது நான்தான். ரிம்மை டிக்கியில் போட்டுவிட்டு நீ முன்சீட்டில் உட்காரு. நேரே வீட்டுக்குப் போகப்போவதில்லை. சுரண்டைக்குப் போய்க் கடைவீதியில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் வீடு. கண்ணாடியை இறக்கிவிட்டுத்தான் ஓட்டுவேன். கார் ஓட்டுவது யார் என்று கேட்பவர்களுக்கு நீ பதில் சொல்லிக்கொண்டே வா.

உன் தங்கச்சி
மாரிச்செல்வி