அரக்குச் சூடு தெரியாத விரல்கள்

சேசு மரி சூசை துணை

பாலக்கரை, திருச்சி
19-8-62, ஞாயிறு

அன்பு மகள் லூர்துராணிக்கு, அப்பா தைரியராஜ் ஆசீர்வதித்து எழுதுவது. மாதா புண்ணியத்தில் நானும் அம்மாவும் சௌக்கியம், உன் சௌக்கியத்துக்குத் தினமும் ஜெபிக்கிறோம் என்று எழுதிவிட்டுப் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். எப்போதும் எழுதுகிற வரிதான், ஆனால் இந்த முறை அதில் ஒரு சின்னப் பொய் கலந்திருக்கிறது. பயப்படாதே, முழுக்கப் படி. இன்று காலை பூசை முடிந்து நானும் அம்மாவும் பஸ் ஏறிக் காவிரிப் பாலத்தில் போய் நின்றோம். இரு கரையும் தொட்டுத் தண்ணீர் போகிறது. தூறலில் ஸ்ரீரங்கத்துக் கோபுரங்கள் இருக்கின்றனவா இல்லையா என்பது போல் தெரிந்தன. அங்கே நின்றபோது நரம்பைப் பற்றி நீ எழுதியிருந்ததெல்லாம் ஞாபகம் வந்தது.

நர்ஸ் வகுப்பில் சொல்லிக் கொடுத்த பாடத்தை நீ ஆறு பக்கத்துக்கு எழுதியிருந்தாயே, அதை எத்தனை தரம் படித்தேன் என்று அம்மாவைத்தான் கேட்க வேண்டும். விரல் நுனியில் தொடங்குகிற நூல் ஒரே செல்லின் நூலாக முதுகெலும்பு வரை போகிறதாம், உப்புத் துகள்கள் அதன் சுவருக்கு உள்ளும் வெளியும் மாற மாறச் சேதி ஓடுகிறதாம், ஓடினால் முழுசாக ஓடும், இல்லாவிட்டால் ஓடவே ஓடாதாம், சூடு அதிகமானால் சேதி பெரிதாகாது, அடிக்கடி வருமாம். எனக்குப் பிடித்தது அதற்கு அப்புறம்தான். ஒரு செல்லும் அடுத்த செல்லும் ஒட்டிக்கொண்டிருப்பதில்லை, நடுவே கண்ணுக்குத் தெரியாத இடைவெளி, இந்தப் பக்கத்துச் செல் துளித் துளியாக ஒரு மருந்துச் சரக்கைக் கசியவிட, அந்தப் பக்கத்துச் செல் அதை வாங்கிக்கொண்டு மறுபடி ஓட்டத்தைத் தொடங்குகிறது என்று எழுதியிருந்தாய். கல்லுக்குப் பட்டை தீட்டுகிற எங்கள் பட்டறையில் சாணை சுற்றுகிற சத்தத்தில் மத்தியானம் கண் சொருகும்போதெல்லாம் எனக்குள்ளே கோடி ஆறுகள் ஓடுவதாகவும், ஒவ்வொரு கரையிலும் யாரோ எதையோ ஏந்திக்கொண்டு நிற்பதாகவும் தோன்றும். ஐம்பத்திரண்டு வயதில் இப்படிக் கனவு காண்கிற ஆள் திருச்சியிலேயே நான் ஒருவன்தான் இருப்பேன்.

உன் கடிதத்தைச் சாப்பாட்டு நேரத்தில் பட்டறையிலும் படித்துக் காட்டினேன். எங்கள் தொழில்தான் உனக்குத் தெரியுமே, அரக்கைக் காய்ச்சிக் குச்சி நுனியில் வைத்து, அது ஆறுவதற்குள் கல்லை ஒட்டி, சுற்றிலும் விரலாலேயே வழித்துவிட வேண்டும். சூட்டில் கையை உதறாதவன்தான் கைதேர்ந்தவன் என்று எங்களுக்குள் ஒரு பெருமை. இந்த ஒரு வருஷமாக இடது கைச் சுண்டுவிரலுக்கும் மோதிரவிரலுக்கும் அரக்குச் சூடே உறைப்பதில்லை. முப்பது வருஷம் கழித்து விரல் தொழிலில் பழுத்துவிட்டது என்று நான் பூரித்துப் போயிருந்தேன், புதிதாகச் சேர்ந்தவர்களைக் கூப்பிட்டு வழித்தும் காட்டினேன். எத்தனை பழகினாலும் நெருப்பு சுடுவதை நல்ல நரம்பு சொல்லாமல் இருக்காது, சொல்லவில்லை என்றால் நரம்புக்குத்தான் ஏதோ கோளாறு என்று உன் டீச்சர் சொன்னதாக எழுதியிருந்த வரியைப் படித்ததும் என் பக்கத்தில் உட்கார்ந்து கல் ஒட்டுகிற மீரான், அண்ணனுடைய விரலில் தந்தி ஆபீசை மூடிவிட்டார்கள் போலிருக்கிறது என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். குனிந்து பார்த்தால் மோதிரவிரலில் ஒரு கொப்புளம், எப்போது வந்தது என்றே எனக்குத் தெரியவில்லை.

ராணி, நான் மூன்று வாரம் யாரிடமும் சொல்லவில்லை. எனக்கென்று ஒரு தட்டு, ஒரு தம்ளர் தனியாக எடுத்து வைத்துக்கொண்டேன், ராத்திரி ஜெபத்தில் அம்மாவுக்கு எட்டப் போய் உட்கார்ந்தேன். நான் எதை நினைத்துப் பயந்தேன் என்று உனக்குப் புரிந்திருக்கும். தம்ளரைப் பார்த்து அம்மா கேட்டாள், சொன்னேன். அவள் அழவில்லை, மறுநாளே புத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கிளப்பிக்கொண்டு போனாள். டாக்டர் கண்ணை மூடச் சொல்லிப் பஞ்சால் தொட்டுத் தொட்டுக் கேட்டார், அந்த இரண்டு விரலிலும் ஒன்றுகூடத் தெரியவில்லை. முழங்கைக்குப் பின்னால் நரம்பு கயிறு மாதிரித் தடித்திருக்கிறது, முழங்கையிலும் ஒரு வெளுத்த தேமல். குஷ்டம்தான் என்றார். ஆனால் ஆரம்பம், எனக்கு வந்திருக்கிற வகை மற்றவர்களுக்கு ஒட்டாது, தட்டைத் தனியாக வைக்க வேண்டாம், மாத்திரையை விடாமல் சில வருஷம் சாப்பிட்டால் நோய் நிற்கும், செத்த நரம்பு திரும்புமா என்பதற்கு மட்டும் வாக்குக் கொடுக்க முடியாது என்றார். இன்னும் ஆறு மாதம் போயிருந்தால் விரல் மடங்கியிருக்குமாம். உன் கடிதம் வராவிட்டால் இன்றைக்கும் நான் பெருமையாக அரக்கை வழித்துக்கொண்டிருப்பேன்.

ஆஸ்பத்திரி வாசலில் ரோட்டைத் தாண்டும்போது அம்மா என் இடது கையைப் பிடித்தாள். விடு, எனக்குத் தெரியக்கூட இல்லை என்று இழுத்துக்கொண்டேன். அவள் அத்தனை பேர் நடுவில் மறுபடி பிடித்து, "தெரியலைன்னா என்ன, பிடிச்சிருக்கேன்னு நான் சொல்றேங்க" என்றாள். அப்புறம் நான் கையை இழுக்கவில்லை. உன் பாடத்தில் வருகிற இடைவெளி அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது என்று வைத்துக்கொள்.

இப்போது குறட்டால்தான் கல்லை ஒட்டுகிறேன், மீரான் பார்த்துக்கொண்டே இருந்து, மறந்து விரலை நீட்டினால் அதட்டுகிறார். சாயங்காலம் அம்மா என் கண்ணை மூடச் சொல்லிக் கோழி இறகால் தொடுவாள். பெரும்பாலும் தப்பாகத்தான் சொல்கிறேன். நேற்று சுண்டுவிரல் ஓரத்தில், வெகு தூரத்தில் யாரோ கதவைத் தட்டுவது மாதிரி ஏதோ இருந்தது. தொட்டாயா என்று கேட்டதற்கு அம்மா இறகை என் மடியில் போட்டுவிட்டு, தொடவே இல்லை என்றாள். இரண்டு பேரும் சிரித்தோம்.

இதற்காகப் படிப்பை விட்டுவிட்டு ஓடி வராதே. அந்த ஊர்க் குளிருக்குக் கையுறை போடு, வெந்நீரில் கை வைக்கும்போது பார்த்து வை. பதில் எழுதினால் கவரில் எழுது, கார்டில் எழுதாதே, தபால்காரர் பிச்சமுத்து படித்துவிட்டுத்தான் கொடுப்பார். நல்ல மாதாவும் மோட்சத்துச் சம்மனசுகளும் உன் கூடவே இருக்கட்டும். படிப்பு முடிந்து நீ வரும்போது திருச்சி ஜங்ஷனுக்கு நானே வருவேன், என் இடது கையைத்தான் உன்னிடம் நீட்டுவேன். பிடித்துக்கொண்டு, பிடித்திருக்கிறேன் அப்பா என்று ஒரு வார்த்தை சொல்லிவிடு.

உன் நெற்றியில் சிலுவை வரைந்து,
அப்பா
சி. தைரியராஜ்