இரண்டு தரம் போட்ட எக்செஸ்

கிரவீன்,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் மயூராவுக்கு,

ஹெலன்ஸ்பர்க் கோயில் பெருமாள் புண்ணியத்தில் நானும் அம்மாவும் சுகம், ரொறன்ரோப் பனியில் நீயும் மருமகன் கஜீவனும் தடிமன் காய்ச்சல் இல்லாமல் இருக்க அவரைத்தான் கேட்டுக்கொள்கிறோம். முதல் வரியே பொய்யாகக் கூடாது, ஆகவே சொல்லிவிடுகிறேன், போன மாதம் அம்மாவுக்குப் பித்தப்பைக் கல் எடுத்தார்கள். பயப்படாதே, இப்போது குசினியில் நின்று என்னை ஏசுகிற அளவுக்குத் தேறிவிட்டாள். உனக்குச் சொல்ல வேண்டாமென்று தடுத்தவளும் அவள்தான். மாதக் கட்டணம் குறையுமென்று நாங்கள் எடுத்த இன்சூரன்சில், ஆஸ்பத்திரிக்குப் போனால் முதல் எழுநூற்றைம்பது டொலர் எங்கள் கையால் கட்ட வேண்டும், எக்செஸ் என்கிறார்கள். வீட்டுக்கு வந்த நாலாம் நாள் காய்ச்சல் அடித்துத் திரும்பச் சேர்த்தோம். பில் வந்தால் எக்செஸ் இரண்டு தரம் போட்டிருக்கிறது, ஆயிரத்தைந்நூறு. என் குணம் உனக்குத் தெரியும்தானே, விசாவுக்குக் காத்திருந்த காலத்தில் பிடித்த பயம், தலைப்பு அச்சடித்த கடிதம் எது வந்தாலும் அன்று பின்னேரமே கட்டிவிடுவேன், கேள்வி கேட்டால் பெயரில் கரும்புள்ளி விழுமென்று. குடியுரிமை கிடைத்தும் அது போகவில்லை. உன்னிடம் வரச் சேர்த்த டிக்கெட்டுக் காசை எடுக்க வெளிக்கிட்டேன். பக்கத்து வீட்டுச் சிவசோதிதான் மறித்து, அண்ணை, ஒரு ஆளுக்கு வருசத்துக்கு ஒருக்காத்தான் எடுக்கலாம், போய்க் கேளுங்கோ என்று இன்சூரன்ஸ் பொலிசியைப் படித்துக் காட்டினார்.

உடனே உனக்கு போன் எடுக்கத்தான் கை போனது. உனக்குப் பத்து வயதில் அம்மா குளியலறையில் வழுக்கிக் கையை முறித்தாளே, இலவச வைத்தியத்துக்கு அரசாங்கம் தரும் மெடிகேர் அட்டை எங்களுக்கு வராத காலம், அந்த ஆஸ்பத்திரிக் கவுண்டரில் எக்கி நின்று நீதானே பேசினாய், அப்பாவுக்குக் கோழித் தொழிற்சாலையில் வேலை, கிழமைக்கு இருபது டொலர்தான் கட்டலாம் என்று. அந்த மனுசியும் சரியென்றது. திரும்பும் ரெயிலில் மூக்கில் ஐஸ்கிறீமோடு என் தோளில் நித்திரையானாய். கரண்ட் கொம்பனி, வங்கி, வீட்டுக்காரன், எல்லாரிடமும் நீதான் எங்கள் வாய். அப்போது கையில் காசில்லாவிட்டாலும் அந்த நாட்களை நினைத்தால் இன்றும் மனம் குளிரும். என் மகள் கெட்டிக்காரி என்று கண்டவரிடமெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

இந்தமுறை ஆஸ்பத்திரிக்கு நானே போனேன். இரண்டு நாள் கண்ணாடி முன் நின்று இங்கிலிஷைப் பாடமாக்கினேன், அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். கவுண்டர்ப் பெண் கணினியில் உள்ளதுதான் சரியென்றாள். இன்சூரன்ஸ்காரரைக் கேளுங்கள், நான் நிற்கிறேன் என்றேன். அரை மணித்தியாலம் நின்றேன். பிறகு போனில் அவர்களைக் கேட்டு ஒரு எக்செஸைக் கழித்தாள், மற்றதையும் ஐந்து மாதத் தவணையில் கட்டக் கேட்டு வாங்கினேன். டிக்கெட்டுக் காசு தப்பியது, வைகாசியில் வருகிறோம். ஆனால் மகள், அவ்வளவு நேரமும் என் கால் நடுங்கியது, எனக்கு அறுபத்தைந்து வயது. அப்போதுதான் நினைவு வந்தது, எங்களுக்காக நீ பேசிய அன்றுதான் உன் வகுப்புப் பிள்ளைகள் கன்பராவுக்குச் சுற்றுலா போனார்கள். பரவாயில்லையப்பா, அங்கை சரியான குளிராம் என்று சொன்னாய். நானும் நம்பினேன், நம்புவது எனக்கு வசதியாக இருந்தது.

நீங்கள் இருவரும் ஒரு குறையுமின்றி வாழ வேண்டும். தொப்பி போடாமல் வெளியே இறங்காதே, அம்மாவோடு கோபிக்காதே. அன்று உனக்கும் கால் நடுங்கியதா என்று நான் கேட்கவேயில்லை பிள்ளை, என்னை மன்னித்துக்கொள்.

உன் அப்பா,
கேதீஸ்வரன்