இடம் மாறிய இரண்டு கட்டளைகள்

இன்று காலை என் வீட்டு அடுப்பு மேடைக்குக் கல் அறுத்தார்கள். தண்ணீரில் குழைந்த கல்தூளின் வாடை கூடம் வரை வந்தது. வேலை செய்தவர்களிடம் ஏதோ சாக்குச் சொல்லிவிட்டு மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொண்டேன். ஆந்திராவில் குப்பம் ஊரில் அந்தக் கிரானைட் கொட்டகையில் உன் பக்கத்தில் நின்றபோது மூக்கில் ஏறிய அதே வாடை. நீ போய் எத்தனையோ வருடங்கள் ஆகிவிட்டன. உன்னிடம் சொல்லாமல் விட்டதை இன்றாவது எழுதிவிடுகிறேன்.

திருப்பதியில் நாம் வேலை பார்த்த கம்பெனியில் மொத்தமே ஆறு பேர். பெண்கள் நாம் இருவர்தான். நீ நகரி, விசைத்தறிக்காரர் மகள். நான் சித்தூர். ஒரே ஹாஸ்டலில் ஒரே அறை. இங்கிருந்து வெளிநாட்டுக்குக் கல் நிறையப் போகத் தொடங்கியிருந்த காலம் அது. குப்பத்துப் பட்டறைகள் புது மெஷின்கள் வாங்கின. அவற்றை இயக்கும் போர்டுகளை நாம் செய்துகொடுத்தோம். பிளேடு எவ்வளவு ஆழம் இறங்க வேண்டும் என்று கணக்கிடும் புரோகிராம் உன்னுடையது. தசமக் கணக்குகளுக்கென்றே அந்தப் போர்டில் கோப்ராசசர் என்று தனியாக ஒரு சிப் இருந்தது.

மெல்லிய கல் ஏறினால் மட்டும் ஓடுகிற பகுதி ஒன்று உன் புரோகிராமில் இருந்தது. அப்படி ஒரு கல் முதன்முதலாக ஏறிய அன்று பிளேடு அளவு மீறி இறங்கியது. கல் பிளந்து தெறித்ததில் பக்கத்தில் நின்ற தொழிலாளிக்கு வலது கையில் மூன்று விரல்கள் போயின. போர்டும் கருகிப்போனது. புரோகிராம் பதிந்திருந்த சிப் மட்டும் தப்பியது. நீ அதன் மூலத்தை எழுதி வைத்திருந்த ஃப்ளாப்பியோ பூஞ்சை பிடித்துக் கிடந்தது.

சிப்பில் உள்ள வெறும் எண்களைப் படித்து மறுபடி கட்டளைகளாக மாற்றிக் காட்டும் டிஸ்அசெம்ப்ளர் ஒன்றை நான் எழுதிக்கொண்டிருந்தேன். கோப்ராசசர் கட்டளைகள் வந்தால் அதற்குப் புரியாது, எண்களாகவே விட்டுவிடும். முதலாளி அவசரப்படுத்தியதால் இரண்டே நாளில் அவற்றுக்கும் அட்டவணை போட்டேன். கையில் இருந்த ஜெராக்ஸ் மங்கல். ஒரு வகைக் கட்டளைகளைப் பார்த்து எழுதினேன். மற்ற வகைகளுக்கும் அதே வரிசைதான் இருக்கும் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

‘கழி’ என்று ஒரு கட்டளை, எதிலிருந்து எதைக் கழிப்பது என்பதைத் தலைகீழாக்கும் ‘திருப்பிக் கழி’ என்று இன்னொன்று. நான் எடுத்த பிரிண்ட்டில், உன் புரோகிராமின் அந்தப் பகுதியில், ‘திருப்பிக் கழி’ என்று இருந்தது.

“தப்பு நீதேனம்மா,” என்றார் முதலாளி தெலுங்கில், உன் முகத்தைப் பார்க்காமல். தவறு உன்னுடையதுதானாம்.

நீ என் பக்கம் திரும்பினாய். “நான் சரியாத்தான்டி எழுதனேன். எனக்கு நல்லா ஞாபகம் கீது. இன்னொரு வாட்டி பாரு.”

நான் பார்க்கவில்லை. “சிப்ல இருக்கறதுதான்டி பேப்பர்ல வந்திருக்கு. அது பொய் சொல்லாது,” என்றேன்.

நீ அந்தக் காகிதத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாய். பிறகு மெல்ல, “அப்போ நான்தான் போல,” என்றாய்.

அந்த வாரமே வேலையை விட்டு நகரிக்குப் போய்விட்டாய். பிள்ளைகளுக்கு டைப்பிங் கற்றுக்கொடுத்தாய், புரோகிராம் எழுதவே இல்லை. அடுத்த வருடம், அந்த டிஸ்அசெம்ப்ளரைக் காட்டித்தான் எனக்கு அமெரிக்காவில் வேலை கிடைத்தது. உன் கடிதங்கள் அங்கே வரும். வருடத்துக்கு ஒருமுறை குப்பத்துக்குப் போய் அந்தத் தொழிலாளியைப் பார்த்து வருவதாக எழுதுவாய். “இடது கையால கையெழுத்துப் போடப் பழகிக்கினு கீறார்” என்று ஒரு கடிதத்தில் இருந்தது. அதைப் படித்துவிட்டு மடித்து வைத்தேன்.

அங்கே ஒருநாள், என்னுடன் வேலை செய்தவர் ஏதோ ஒரு பழைய புரோகிராமை என் டிஸ்அசெம்ப்ளரில் போட்டுப் பார்த்துவிட்டு, கழித்தல் மட்டும் தலைகீழாக வருகிறது என்றார். முழுக் கையேட்டையும் அன்றுதான் திறந்தேன். விடை போய்ச் சேரும் இடத்தைப் பொறுத்து ஒரு வகையில் அந்த இரண்டு கட்டளைகளின் எண்களும் இடம் மாறியிருக்கும். நான் மாற்றாமல் விட்டிருந்தேன். பெட்டியில் கிடந்த உன் புரோகிராம் பிரிண்ட்டை எடுத்து, கட்டளைகளுக்குப் பக்கத்தில் அச்சாகியிருந்த எண்களை ஒவ்வொன்றாகக் கையாலேயே பிரித்துப் பார்த்தேன். நீ ‘கழி’ என்றுதான் எழுதியிருந்தாய். சரியாக எழுதியிருந்தாய்.

இதைப் போனில் சொல்லக் கூடாது, ஊருக்கு வந்து உன் எதிரில் உட்கார்ந்துதான் சொல்ல வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் பயம். ஞாயிறுதோறும் கூப்பிட்டு வேறு எதையெதையோ பேசினேன். “இன்னாடி, குரலே ஒரு மாதிரி கீது?” என்று ஒருமுறை கேட்டாய். ஜலதோஷம் என்றேன்.

காய்ச்சல் என்று படுத்தவள் எழுந்திருக்கவில்லை என்று உன் அக்கா போன் செய்தார்.

நகரிக்கு வந்து அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஓடிக்கொண்டிருந்த தறியை நிறுத்திவிட்டுக் கேட்டார். “அந்த ஆள் கை தன்னாலதான் போச்சுன்னு கடசி வரைக்கும் சொல்லிக்கினே இருந்தா. இத்த அவகிட்டச் சொல்லி இருக்கக்கூடாதாம்மா?” என்றார். கோபமாகக் கூட இல்லை. மறுபடி தறியை ஓட்டினார்.

குப்பத்துக்கும் போனேன். அந்தத் தொழிலாளி என்னை உட்காரச் சொல்லிவிட்டு, நான் சொன்னதைக் கேட்டார். அன்று காலையிலேயே போர்டுப் பெட்டிக்குள் தண்ணீர் ஒழுகியதைத் தான் பார்த்ததாகவும், பிளேடு அதனால்தான் அப்படி இறங்கியிருக்கும் என்றும் சொன்னார். “என்னை யாரும் கேக்கலையே,” என்றார். “அந்தம்மாகிட்டயும் ஒரு வாட்டி சொன்னேன். அவங்க ஆறுதலுக்குச் சொல்றேன்னு நெனச்சுக்கினாங்க.”

அந்த மனிதர் சொல்லி நீ நம்பவில்லை. நான் அச்சடித்துக் கொடுத்ததை நம்பினாய். நான் சொல்லியிருந்தால் இதையும் நம்பியிருப்பாய். எனக்குத் தெரிந்த நாளுக்கும் நீ போன நாளுக்கும் நடுவில் ஐந்து மாதங்கள் இருந்தன. அத்தனை ஞாயிற்றுக்கிழமைகளிலும் நீ போனை எடுத்தாய்.