கட்டிலுக்கு மேலே ஒரு ஜன்னல்

ஆரின்,

வேலைக்குக் கிளம்புகிறேன். பீன்ஸ் சூப் அடுப்பின் மேல் இருக்கிறது. ரொட்டியை நீயே வாட்டிக்கொள்.

மதியம் பக்கத்து வீட்டு விர்ஜில், நாம் வீடாக மாற்றிக்கொண்டிருக்கும் டிரெய்லர் வண்டியின் சமையல் பக்கத்துக்கு ஜன்னல் கொண்டுவருவார். அவருடைய பழைய டிரெய்லரிலிருந்து கழற்றிக் கோழிக்கூண்டில் மாட்டியிருந்ததுதான். "கோழிங்க ஒரு வாரத்துக்கு என்னைத் திட்டும்" என்று போனில் சிரித்தார். நன்றாகக் கழுவு. மழைநீர் கசியாமல் சட்டத்தின் ஓரத்தில் ஒட்டும் புட்டி நாடாவை வெயிலில் இளக்கிய பிறகு ஒட்டு. மூலை வளைவு சரியா என்று, நான் வெட்டிவைத்த அட்டையைப் பொருத்திப் பார்.

கட்டிலுக்கு மேலே சுவரில் உள்ள பழைய ஜன்னல் ஓட்டையை இன்றே தகரம் வைத்து அடைக்கப் போவதாக நேற்று ராத்திரி சொன்னாய். "தூங்கத்தானே போறோம், அங்க எதுக்கு ஜன்னல்?" என்றாய். "சவப்பெட்டிக்குத்தான் ஜன்னல் இருக்காது!" என்று கத்திவிட்டு நான் தனியாக அந்த ஓட்டைக்குக் கீழேயே போய்ப் படுத்தேன்.

காலையில் விழித்தபோது அந்த ஓட்டை வழியாக மூடுபனி வந்து போர்வைமேல் தங்கியிருந்தது. ஒரு குருவி ஓரத்தில் உட்கார்ந்து என்னைப் பார்த்துவிட்டுப் போயிற்று. டிரெய்லர் செங்கல்மேல்தான் நிற்கிறது. ஆனாலும் மலைகளுக்கு நடுவே மெதுவாகப் போய்க்கொண்டிருப்பதுபோல் இருந்தது. பக்கத்தில் நீ இல்லை.

தகரத்தை அடிப்பதற்கு முன் ஒருமுறை அங்கே படுத்துப் பார். அப்புறமும் அடைக்கத் தோன்றினால் அடைத்துவிடு. சண்டை போட மாட்டேன்.

ஐடா

கோழிக்கூண்டின் மறுபக்கத்தில் அதே அளவில் இன்னொரு ஜன்னல் இருக்கிறதாம்; கட்டிலுக்கு மேலே உள்ள ஓட்டைக்கும் அது பொருந்தும். கேட்டால் விர்ஜில் தருவார். நான் கேட்கவில்லை. நீ கேட்க வேண்டும் என்று விட்டுவைத்திருக்கிறேன்.